அத்தியாயம் 4: போன டிசம்பரோடு ஒப்பிடலாமா?

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் பித்தளை விளக்கு, சாமி படம், துளசி மாலை விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடையும் அதன் தொகைகளும் விளக்கத்துக்காகச் சொல்பவை. தேதிகள் மட்டும் நிஜம். 2023 டிசம்பரில் அந்தக் கடைக்கு ஒன்பது லட்ச ரூபாய் வியாபாரம். 2024 டிசம்பரில் ஐந்து லட்சம். பில் போடும் மென்பொருளைத் திறந்ததும் திரையில் ஒரு சிவப்பு அம்பு கீழ்நோக்கி நிற்கிறது: விற்பனை 44 சதவீதம் சரிவு. முதலாளிக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆன்லைன் வியாபாரம் கெடுத்துவிட்டது என்கிறார். ஒரு ஆளைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறார். கும்பகோணத்தில் சொல்லிவைத்த விளக்குகளில் பாதியை வேண்டாம் என்று சொல்லப் போனை எடுக்கிறார்.

அந்தப் போன் நட்டத்தில் முடியும். 2023-இல் வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 23 அன்று வந்தது. அதற்கு அடுத்தது 2025 ஜனவரி 10. பகல்பத்து, இராப்பத்து என்று இருபது நாளுக்கும் மேல் நடக்கும் திருநாள், ஒருமுறை ஏறக்குறைய முழுதாக டிசம்பருக்குள் விழுந்தது. மறுமுறை ஏறக்குறைய முழுதாக ஜனவரிக்குள் போய்விட்டது. கடையில் எந்தக் குறையும் இல்லை. கூட்டம் பதினெட்டு நாள் தள்ளி வரப்போகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் சரக்கை ரத்து செய்தவர், பரமபத வாசல் திறக்கும் நாளில் காலி அலமாரியோடு உட்கார்ந்திருப்பார்.

ஆண்டுக் கணக்கிலும் இதே சிக்கல். 2023-இல் ஜனவரி 2, டிசம்பர் 23 என இரண்டு ஏகாதசிகள். 2024-இல் ஒன்றுகூட இல்லை. 2025-இல் ஜனவரி 10, டிசம்பர் 30 என மறுபடி இரண்டு. ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டிப் பார்ப்பவருக்குக் கடை ஒரு வருஷம் ஓடுகிறது, மறு வருஷம் படுக்கிறது, அதற்கடுத்த வருஷம் எழுந்து ஓடுகிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் கூட்டினால் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரே ஏகாதசி விழுகிறது. வரி அலுவலகத்துக்காகப் போடும் கணக்கு இந்த விஷயத்தில் கடைக்காரருக்கும் பொருந்தி வருகிறது.

சரி, தமிழ் மாதக் கணக்கில் மார்கழியோடு மார்கழியை ஒப்பிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் முழுத் தீர்வில்லை. 2021-இல் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி கார்த்திகை மாதத்திலேயே, டிசம்பர் 14 அன்று நடந்தது. பெரும்பாலான பெருமாள் கோயில்களில் அது 2022 ஜனவரி 13. தைப் புனர்பூசத்தை ஒட்டி வரும் உற்சவத்துக்கு இடம் விட, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி முன்னால் தள்ளிவைப்பது அரங்கன் கோயில் வழக்கம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கடையும் திருவல்லிக்கேணியில் ஒரு கிளையும் வைத்திருப்பவருக்கு, அந்த ஆண்டில் ஒரே திருநாள் இரண்டு கிளைகளிலும் ஒரு மாத இடைவெளியில் வந்திருக்கும். இதை எந்த மென்பொருளும் தானாக அறியாது. ஸ்ரீரங்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான். கணக்கை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் வணிக நுண்ணறிவின் பெரும்பாதி அடங்கியிருக்கிறது. மென்பொருள், திரை, வண்ண வரைபடம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

வணிக நுண்ணறிவைக் குறிக்கும் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்ற சொல்லுக்கு வயது அதிகம். ஐபிஎம் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-இல் அந்தப் பெயரிலேயே ஒரு கட்டுரை எழுதினார். சிதறிக் கிடக்கும் தகவல்களுக்கு இடையே உள்ள உறவைக் கண்டு, அதைக்கொண்டு செயலை நடத்துவது என்பதே அவர் மனத்தில் இருந்தது. 1989 முதல் ஹோவர்ட் டிரெஸ்னர் என்ற ஆய்வாளர் அந்தச் சொல்லை நிறுவனங்களிடையே பரப்பினார். பிறகு அது பெரிய மென்பொருள்களின் விலைப்பட்டியலில் ஏறியது. சிறு தொழில்காரர்கள் இது நமக்கில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் வால்மார்ட் செய்த ஒரு வேலை ஸ்ரீரங்கம் கடைக்காரருக்கு உடனே புரியும். 2004 ஆகஸ்டில் சார்லி என்ற புயல் புளோரிடாவைத் தாக்கியது. சில வாரங்களில் பிரான்சஸ் என்ற அடுத்த புயல் வந்துகொண்டிருந்தது. எந்தக் கடைக்கு எதை அனுப்புவது என்று முடிவெடுக்க, வால்மார்ட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைவி லிண்டா டில்மன், சார்லி வந்த நேரத்தில் கடைகளில் என்ன விற்றது என்று பார்க்கச் சொன்னார். டார்ச் விளக்கு விற்றிருக்கும் என்று யாரும் சொல்லலாம். கணக்கில் வேறு சிலவும் தெரிந்தன. சூடுபண்ணாமலே தின்னக்கூடிய ஸ்ட்ராபெரி பாப்டார்ட் என்ற பலகாரம் வழக்கத்தைப் போல ஏழு மடங்கு விற்றிருந்தது. புயலுக்கு முன் மிக அதிகம் விற்ற பொருள் பீர். லாரிகள் அவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பின. புயலைப் புயலோடு ஒப்பிட்டதால் கிடைத்த விடை அது. முந்தைய ஆண்டின் அதே வாரத்தைப் புரட்டியிருந்தால் கிடைத்திருக்காது. உத்தர வீதிக் கடைக்காரர் ஏகாதசியை ஏகாதசியோடு ஒப்பிட்டால் போதும், அதே வேலைதான்.

இதற்கு அவருக்கு வேண்டியது கணக்கில் ஒரு கட்டம். ஒவ்வொரு நாளின் விற்பனைக்கும் பக்கத்தில் ‘ஏகாதசிக்கு எத்தனை நாள் முன்பு, எத்தனை நாள் பின்பு’ என்று ஒரு எண். ஏகாதசி அன்று சுழியம். முந்தைய நாள் கழித்தல் ஒன்று. மறுநாள் கூட்டல் ஒன்று. கோயில் வெளியிடும் உற்சவ அட்டவணை கையில் இருந்தால், ஐந்தாண்டுத் தேதிகளைப் போட அரைமணி நேரம் ஆகும். பிறகு ஐந்து ஆண்டுகளின் விற்பனையையும் அந்த எண்ணின்படி அடுக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு எத்தனை நாள் முன்பிருந்து நகர்கிறது, சாமி படம் எந்த நாளில் உச்சம் தொடுகிறது, வெளியூர்க்காரர்கள் எந்த நாளோடு போய்விடுகிறார்கள் என்பதெல்லாம் அப்போது வரிசையாகத் தெரியும். சித்திரைத் தேருக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடலாம். ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறையில் கூடும் கூட்டம் வாங்கும் பொருள் வேறு. ஏகாதசிக் கூட்டம் வாங்குவது வேறு.

ஸ்ரீரங்கத்துக்கு இப்படிக் கணக்கு வைப்பது அந்நியமல்ல. கோயில் மதில்களில் உள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில், யார் கொடுத்தது, எந்த நிலத்தின் வருவாய், எந்த வழிபாட்டுக்கு என்று விவரமாகப் பொறித்த கொடைகள் நிறைய. கோயிலின் நிர்வாகத்தையும் கொடைகளையும் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்த கோயிலொழுகு என்ற ஏடும் இங்கே பிறந்ததுதான்.

முக்கிய எண்களை ஒரே பார்வையில் காட்டும் டேஷ்போர்டும் திருச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. நாளிதழில் தினமும் ஒரு சின்னக் கட்டத்தில் மேட்டூர் அணை நிலவரம் வருகிறது: நீர்மட்டம், நீர்வரத்து, நீர்த்திறப்பு, நீர் இருப்பு. நான்கே எண்கள். அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது டெல்டாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் என்பதால், இன்றைய எண்ணை எதோடு வைத்துப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2023-இல் சரியாக ஜூன் 12. 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. லால்குடியிலோ முசிறியிலோ விதையும் உரமும் விற்கும் கடைக்காரர், 2024 ஜூன் விற்பனையை 2023 ஜூனோடு ஒப்பிட்டுக் கவலைப்பட்டால், அவருக்கும் உத்தர வீதிக் கடைக்காரருக்கும் ஒரே நோய். அவர் மேட்டூர் நிலவரக் கட்டத்தை வெட்டித் தன் விற்பனைக் கணக்கின் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

நிறுவனங்கள் டேஷ்போர்டு அமைக்கும்போது அந்த நாளிதழ்க் கட்டத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். எண்கள் குறைவு. தினமும் வருகின்றன. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவர் எடுக்க வேண்டிய முடிவு இருக்கிறது. நாற்பது வரைபடங்களைத் திரையில் நிரப்பி, எதையும் யாரும் பார்க்காத அலுவலகங்கள் ஏராளம். எந்த முடிவுக்கும் உதவாத எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

இனி ஆற்றைக் கடந்து, ஊரின் கிழக்கே தஞ்சாவூர் சாலையில் போக வேண்டும். திருச்சி வட்டாரத் தொழிலில் ஒப்பீட்டின் அருமையை மிகுந்த வலியோடு கற்றுக்கொடுத்த இடம் அங்கேதான் இருக்கிறது.

திருவெறும்பூரில் 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழுந்த உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை, ஊரார் வாயில் ‘பெல்’. அனல் மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்வது அதன் தொழில். அதைச் சுற்றி துவாக்குடி, மாத்தூர், அரியமங்கலம் பக்கங்களில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. பெல் இரும்பைக் கொடுக்கும். வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கொடுத்தால் டன் கணக்கில் கூலி. நன்றாக நடந்த தொழில். வெல்டர்களுக்கு நல்ல பெயர், வங்கியில் கடன், ஊரில் மரியாதை. பல பட்டறைகளுக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான்.

பெல் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள் யாரும் படிக்கக் கிடைப்பவை. நாடு முழுவதும் உள்ள அதன் ஆலைகளுக்கெல்லாம் சேர்த்து, 2010-11-இல் வந்த புது ஆர்டர்கள் ஏறத்தாழ 60,000 கோடி ரூபாய். மறு ஆண்டு, 2011-12-இல், அது சுமார் 22,000 கோடியாகச் சரிந்தது. அதே ஆண்டில் நிறுவனத்தின் விற்பனை ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2012-13-இல் 50,000 கோடியைத் தொட்டது. காரணம் எளிது. கொதிகலன் ஒரே மாதத்தில் செய்து முடிக்கும் பொருளல்ல. பழைய ஆர்டர்களுக்கான வேலை ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆக, புது ஆர்டர் வறண்ட பிறகும் துவாக்குடியில் பற்றவைப்புப் பொறி பறந்தது. பட்டறைக்காரர் தன் சொந்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், அது அவருடைய மிகச் சிறந்த ஆண்டாகவே தெரிந்திருக்கும். புதிய இயந்திரத்துக்குக் கடன் வாங்கத் தோன்றியிருக்கும்.

2015-16-இல் பெல்லின் விற்பனை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. நிறுவனமே நட்டக் கணக்கு காட்டியது. துவாக்குடியில் பட்டறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. வெல்டர்கள் வெளியூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பினார்கள்.

முன்கூட்டியே சொன்ன எண் வேறொன்றும் உண்டு. மத்திய மின்சார ஆணையம் மாதந்தோறும் அனல் மின் நிலையங்கள் தம் திறனில் எத்தனை சதவீதம் ஓடின என்று வெளியிடுகிறது. 2009-10-இல் அது 77-ஐத் தாண்டியிருந்தது. பிறகு ஆண்டுக்காண்டு இறங்கி, 2016-17-இல் 60-க்குக் கீழே போனது. இருக்கும் நிலையங்களே முழுதாக ஓடாதபோது புதிய நிலையத்துக்கு யார் ஆர்டர் கொடுப்பார்? 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 214 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பத்லாவில் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 2.44 ரூபாய் என்ற ஏலம் முடிந்தது. எல்லாமே நாளிதழில் வந்த செய்திகள். துவாக்குடிப் பட்டறையின் சுவரில் அவற்றுக்கு இடமில்லாமல் போனதுதான் துயரம்.

பட்டறைக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரவு பகலாக வேலை நடக்கும் ஆண்டில் டெல்லியின் சதவீதக் கணக்கைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? ஆனாலும் தொழில் வழிகாட்டி என்று ஒன்று எழுதினால் இந்த இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். எந்தத் தொழிலிலும் இரண்டு வகை எண்கள் உண்டு. நடந்து முடிந்ததைச் சொல்வது ஒன்று: விற்பனை, லாபம், கையிருப்பு. வரப்போவதைச் சொல்வது மற்றொன்று: வாடிக்கையாளரின் புது ஆர்டர், அந்த வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் நிலை, ஆற்றின் மேலே அணையில் உள்ள தண்ணீர். முதல் வகை தானாகவே வந்து சேரும். இரண்டாம் வகையைத் தேடிப் போய்த்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் அது இலவசமாகவே கிடைக்கும். பட்டறைக்கு மேட்டூர் நிலவரம் என்பது பெல்லின் புது ஆர்டர்க் கணக்கு.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. அனல் மின் நிலையங்களுக்கு மறுபடி ஆர்டர் வருகிறது. 2024-25-இல் பெல் பெற்ற ஆர்டர்கள் 90,000 கோடியைத் தாண்டின. இந்தச் செய்தியைப் படிக்கும் பட்டறைக்காரர் மகிழத்தான் வேண்டும். மகிழ்ந்த கையோடு ஒரு கணக்கையும் போட வேண்டும்: தன் விற்பனையில் முதல் வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு? இதற்குப் புது மென்பொருள் வேண்டாம். தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில், பதிவு பெற்ற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போட்ட பில் அவரவர் ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டால் அதை எக்செல் தாளாகக் கொடுப்பார்கள். எண் வாரியாகக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் போதும். முதல் வரி நூற்றுக்கு எண்பது என்று காட்டினால், அந்தப் பட்டறை இன்னும் 2012-லேயே நிற்கிறது.

பங்கைக் குறைக்க வழி இல்லாமலும் இல்லை. 2019 ஜனவரி 20-ஆம் தேதி தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், கோவை, சேலத்தோடு திருச்சியும் அதன் ஐந்து முனைகளில் ஒன்று. துப்பாக்கித் தொழிற்சாலை ஊரிலேயே இருக்கிறது. பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது. பெல்லுக்கு வேலை செய்து பழகிய வெல்டரின் கைக்கு உயர் அழுத்தக் குழாயின் தரம் தெரியும். வேறு வாடிக்கையாளரிடம் அதுவே மூலதனம். ஆனால் புதிய வேலையில் லாபம் எவ்வளவு என்று தெரியாமல் விலைப்புள்ளி கொடுக்கிறவர்கள் அதிகம். ஒவ்வொரு ஜாப் ஆர்டருக்கும் ஆன வெல்டர் மணி, மின்சாரம், எலக்ட்ரோடு, திரும்பி வந்த வேலை ஆகியவற்றைத் தனியாகக் குறித்தால், எந்த வாடிக்கையாளர் கூலி நிறையக் கொடுப்பதுபோல் கொடுத்து நேரத்தை விழுங்குகிறார் என்பது மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பில் தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் இடையிலான நாள்களையும் அதே தாளில் எழுத வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். கெடு தாண்டி, நிதியாண்டு முடியும்வரையும் தரவில்லை என்றால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் வந்திருக்கிறது. எத்தனை நாள் ஆகிறது என்ற எண் கையில் இருந்தால்தான் அதைப் பேச முடியும்.

எண்களின் சுத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே வாடிக்கையாளரின் பெயர் ஒரு பில்லில் இனிஷியலோடும், மறு பில்லில் இனிஷியல் இல்லாமலும், மூன்றாவதில் எழுத்துப் பிழையோடும் இருக்கும். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். ஜிஎஸ்டி எண்ணால் அடுக்கினால் இந்தத் தொல்லை இல்லை. சில்லறைக் கடைகளில் இதைவிடப் பெரிய தொல்லை ‘இதர’ என்ற பொத்தான். கூட்ட நேரத்தில் பில் போடும் பெண்ணுக்குக் குத்துவிளக்கா, காமாட்சி விளக்கா என்று தேட நேரமில்லை. இதர என்று அழுத்திவிடுவார். ஏகாதசி வாரத்தில் விற்றதில் பாதி இதர என்று பதிவானால், ஐந்தாண்டுக் கணக்கும் பாழ். அவரைக் கடிந்து பயனில்லை. திருநாளுக்கு முந்தைய வாரம், அதிகம் விற்கும் இருபது பொருள்களை மட்டும் பெரிய பொத்தான்களாகத் திரையின் மேலே வைத்துக்கொடுத்தால் அவரே சரியாக அழுத்துவார்.

கணக்கை யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதும் முடிவாக வேண்டும். வாரத்தில் ஒரு நாள், கடை திறக்கும் முன் இருபது நிமிடம் போதும். முதலாளி, கணக்குப்பிள்ளை, கல்லாவில் இருப்பவர், சரக்கு இறக்குபவர் நால்வரும் உட்கார வேண்டும். எண் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று சொல்லத் தெரிந்தவர் பெரும்பாலும் கடைசி இருவர்தான். ராஜகோபுரத்துப் பக்கம் போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிட்டது அவர்களுக்குத் தெரியும். ஏகாதசிக்கு முந்தின நாள் மதியம் மழை பெய்ததும், வெளியூர்ப் பேருந்துகள் தூரத்திலேயே நின்றதும், வந்தவர்கள் கைக்கு அடங்கும் சின்ன விளக்காகக் கேட்டதும் அவர்களுக்குத் தெரியும். தேதி, விற்பனை, ஏகாதசிக்கு எத்தனை நாள் என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக அகலமான ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, ‘குறிப்பு’ என்று தலைப்பிட்டு, பேனாவைக் கல்லாவில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும்.